பின் வரிசையில உக்காந்திருந்தவங்க

பழவேற்காடு பக்கத்துல ஒரு ஊர்ப்புற நூலகத்துல வேலை பாக்குறேன். வடக்கால கொஞ்ச தூரம் போனா ஆந்திரா, ஏரியிலயே பெரும்பகுதி அந்தப் பக்கம்தான், வீட்டுல தெலுங்கு பேசிட்டு இங்க வந்து தமிழ் பேப்பர் படிக்கிற பிள்ளைங்க நிறைய பேர். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வாசகர் வட்டத்துக்கு வெளியூர்லேர்ந்து யாரையாவது பேசக் கூப்பிடுவோம். டீ, பிஸ்கட், பொன்னாடை, நன்றியுரைன்னு அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு. போன வருஷம் ரெண்டு கூட்டம் நடந்தப்புறம்தான் நான் இத்தனை நாள் கூட்டத்தை எப்படி நடத்திட்டு இருந்தேன்னே எனக்குப் புரிஞ்சுது.

முதல் கூட்டம் ஆமை பத்தி. 2025 ஜனவரியில சென்னை கரையோரம் ஆயிரத்துக்கும் மேல ஆமைங்க செத்து ஒதுங்குச்சே, அது முடிஞ்ச கையோட பிப்ரவரியில வச்சோம். பேச வந்த பொண்ணு சென்னையில ராத்திரி ராத்திரி கரையில நடந்து முட்டை எடுத்துப் பாதுகாக்குற மாணவர்கள் கூட போறவங்க, அந்த நடை 1988லேர்ந்து நடக்குதாம். ஒரு ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல போடும், 45 நாள்லேர்ந்து 60 நாளுக்குள்ள பொரியும், மணல் சூடு ஜாஸ்தியா இருந்தா பொட்டை, குறைச்சலா இருந்தா ஆண்னு சொன்னப்போ பிள்ளைங்க வாயப் பொளந்துட்டு கேட்டாங்க. குஞ்சுங்க ராத்திரியில வெளிய வந்து எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம் ஓடும், இருட்டுக்கரையில அது கடல்தான், நாம தெரு லைட்டு போட்டுட்டா ரோட்டுப் பக்கம் ஓடி நாய்க்கும் காக்காய்க்கும் போகுதுன்னாங்க.

அப்புறம் செத்த ஆமைங்க போட்டோ ஓடுச்சு. பின் வரிசையில ஒரு மீனவர் அண்ணன் எழுந்துட்டாரு. "ஆமையக் கொல்லணும்னு எவனும் கடலுக்குப் போறதில்லம்மா. பங்குனி ஆமைன்னு பேர் வச்சதே நாங்கதான். திருக்கை வலையில மாட்டுனா வலைய அறுத்துத்தான் விடுவோம், அந்த வலைக்காசு யார் தருவா?" நேரமாச்சு, உக்காருங்கண்ணேன்னு நான் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது. அந்தப் பொண்ணுதான், இல்ல மேடம் அண்ணன் பேசட்டும்னு மைக்கக் கொண்டு போயி கொடுத்துச்சு. ஆமைக்கு மீன் மாதிரி செவுள் கிடையாது, நம்மள மாதிரி மேல வந்து மூச்சு விடணும், விசைப்படகுக்காரங்க மடிய, அதாவது இழுவலைய, மணிக்கணக்குல இழுத்தா உள்ள மாட்டுனது மூச்சு முட்டிச் சாகும், சீசன்ல 5 கடல் மைலுக்குள்ள அவங்க வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, வந்தா யாரு பாக்குறதுன்னு அவர் கால் மணி நேரம் பேசுனாரு. ஸ்லைடுல இல்லாத பாதி அவர்கிட்ட இருந்துச்சு, அந்தப் பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்துச்சு.

ரெண்டு மாசம் கழிச்சு விமானப்படையில இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா வந்தாரு, ரெண்டாம் உலகப்போர் பத்தி. நாம மெட்ராஸ் போற வழியில தாண்டிப் போற சோழவரத்துல அப்போ விமான ஓடுதளம் இருந்துச்சு, பின்னாடி அதுலதான் கார் ரேஸ் நடந்துச்சு. செங்குன்றம் ஏரியில தண்ணியிலயே இறங்குற காட்டலீனா விமானங்க நின்னுச்சு, 1942 ஜூலையிலேர்ந்து பிரிட்டிஷ் 240வது ஸ்குவாட்ரன் அங்கிருந்து வங்காள விரிகுடா மேல பறந்து ஜப்பான்காரன் நீர்மூழ்கியத் தேடுச்சாம். ஒரு தடவ கிளம்புனா இருபது மணி நேரம் கூட வானத்துலயே இருக்குமாம். சென்னை குடிக்கிற தண்ணி மேல போர் விமானம் மிதந்ததை நினைச்சா எனக்கே சிலிர்த்துச்சு.

அந்த 1942 ஏப்ரல் 5 கொழும்புல ஜப்பான்காரன் குண்டு, 6 விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9 திருகோணமலை. பயத்துல ஜனங்க ஊர விட்டுக் கிளம்பி மெட்ராஸே காலியாச்சு. இதச் சொன்னதும் இந்தத் தடவ நானே மைக்க எடுத்துட்டு பின்னாடி போனேன். ஒரு பாட்டி, தான் பொறக்கறதுக்கு முன்னாடி நடந்ததுதான், ஆனா அவங்க அம்மா சாகுற வரைக்கும் எவாக்குவேஷன் எவாக்குவேஷன்னு சொல்வாங்களாம், பட்டணத்துல விளக்குக்கெல்லாம் கருப்புக் காகிதம் சுத்தி வச்சிருந்தாங்க, கடலுக்கு வெளிச்சம் தெரிஞ்சா போலீஸ் வந்துடுமாம். பாட்டி முடிக்கல, ஆமை கூட்டத்துக்கும் வந்திருந்த ஏழாவது படிக்கிற பொண்ணு கேட்டுச்சு: "அப்போ அந்தப் பங்குனியில குஞ்செல்லாம் ஒழுங்கா கடலுக்குப் போயிருக்கும்ல தாத்தா?"

ஐயாவுக்கு பதில் வரல, எங்க யாருக்குமே வரல. எங்க கரை ஊருங்கள்ல அப்போ கரண்டே கிடையாது, மெட்ராஸ் கரையிலதான் அந்த வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். ஆனா ஏப்ரல்ங்கிறது குஞ்சு வெளிய வர்ற நேரம்தான், அந்தப் பிள்ளை கணக்கு தப்பில்ல.

கடற்கரைக்குப் போற வழியில இருக்குற உயர்கோபுர விளக்க தை மாசத்துலேர்ந்து சித்திரை வரைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல அணைக்கணும், இல்ல கடல் பக்கம் மறைப்பாவது கட்டணும்னு வாசகர் வட்டம் மனு எழுதுச்சு, முதல் கையெழுத்து அந்த மீனவர் அண்ணன். இன்னும் பதில் வரல, நான் வாரா வாரம் கேட்டுட்டுத்தான் இருக்கேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவரையே பேசக் கூப்பிட்டேன். ஸ்லைடு எதாவது வேணுமாண்ணேன்னு கேட்டதுக்கு, "அதெல்லாம் வேணாம் லைப்ரரியம்மா, கடல் மேப்பு பெருசா ஒண்ணு மாட்டி வைங்க, கூட ஒரு சிவப்பு ஸ்கெட்ச் பேனா. எந்தெந்த இடத்துல ஆமை மேல வந்து மூச்சு வாங்குதுன்னு நான் புள்ளி வச்சுக் காட்டுறேன்"னாரு.