உரிமைத் தொகையும் ஒரு குயர் நோட்டும்

குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என அறிவிக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எங்கள் தருமபுரி மாவட்டத்துத் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். டோக்கனில் குறித்திருந்த நாளில் அம்மா முகாமுக்குப் போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். அதில் எந்தச் சிக்கலும் இல்லை. செப்டம்பரில் வந்த குறுஞ்செய்திதான் எங்களை அலையவிட்டது. குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருப்பதால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்றது அது.

அந்த வாகனம், 2017இல் அப்பா விற்ற பழைய டிராக்டர். வாங்கியவர் ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றவே இல்லை.

குறுஞ்செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்பது அப்போதைய விதி. அதை அறியாமல், எங்கள் தெருக் கட்சிக்காரர் ஒருவரை நம்பி 17 நாட்களைத் தொலைத்தோம். டீக்கடை பெஞ்சில் குயர் நோட்டுடன் உட்கார்ந்திருந்தார். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு வாக்காளர் அட்டை நகலையும் வாங்கிக்கொண்டு, அம்மாவின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் ‘ஓட்டு 4’ என்று எழுதினார். "அப்பீல் எல்லாம் எதுக்கும்மா? நான் மேல சொல்லிடுறேன், செலவுக்கு ரெண்டாயிரம் மட்டும் பாத்துக்குங்க" என்றார். அந்தச் சிவப்பு எழுத்து இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவர் எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை. அத்தகைய நோட்டு எல்லாக் கட்சியிலும் இருக்கிறது.

எங்கள் வீட்டு வண்ணத் தொலைக்காட்சியும், அடுத்து வந்த ஆட்சி கொடுத்த மிக்சியும் கிரைண்டரும் குடும்ப அட்டையைக் காட்டி வாங்கியவை. அவற்றுக்காக யாரிடமும் போய் நிற்கவில்லை. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் என்று சலித்தெடுக்கும் திட்டத்தில், விடுபட்டவருக்குக் காரணத்தை விளக்கிச் சொல்ல அலுவலகத்தில் ஆள் இல்லாதபோதுதான், விதிப்படி வரவேண்டிய பணம் ஒருவர் தயவில் வருவதைப்போல ஆகிவிடுகிறது. நாங்கள் விசாரிக்கப் போன அலுவலகத்தில் எழுத்தர் தலை நிமிராமலே, "மெசேஜ்ல இருக்கறதுதான், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அனுப்பிவிட்டார்.

இருபதாம் நாள் இ-சேவை மையத்தில் மேல்முறையீட்டைப் பதிவு செய்தோம். டிராக்டரை வாங்கியவரை காவேரிப்பட்டணம் பக்கம் தேடிப் பிடித்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் பெற இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. முதல் முறை போனபோது வண்டிக்குக் காப்பீடு இல்லை என்று திரும்பினோம். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார். வண்டியை விற்றவர்கள் அன்றைக்கே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வாக்காளர் அட்டை நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள். இந்தத் தொகைக்கும் உங்கள் ஓட்டுக்கும் தொடர்பே இல்லை. பிறகு கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

அம்மாவின் கணக்கில் முதல் ஆயிரம் ரூபாய் ஏறிய மறுநாள், அந்தக் கட்சிக்காரர் நோட்டுடன் வாசலில் வந்து நின்று, "நான் சொன்னது நடந்துச்சா?" என்றார்.

"என் ஜெராக்ஸைத் திருப்பிக் குடுத்துட்டுப் போ தம்பி" என்றார் அம்மா.

நகல்கள் இன்னும் வரவில்லை. அம்மா அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.