சாவியத் திருப்புனா 'டக்'

நவம்பர் 9, சனி

ராத்திரி பூரா மழை. காலைல வலங்கைமான் போகலாம்னு கார் சாவியத் திருப்புனா 'டக்'. ஒரே ஒரு டக், அவ்வளவுதான். மறுபடி திருப்புனேன், மறுபடி டக். டேஷ்போர்டு லைட்டெல்லாம் பளிச்சுனு எரியுது, ஹாரன் தெருவையே எழுப்புது, இஞ்சினச் சுத்தி விடுற செல்ஃப் மோட்டார் மட்டும் சுத்த மாட்டேங்குது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்னா வாசல்ல கணுக்கால் முட்டும் சேறு.

எனக்கு மொத சந்தேகம் எலி மேலதான். வயல்ல தண்ணி ஏறிட்டா வரப்பு வளையில கெடக்குறதெல்லாம் வீட்டப் பாத்து வந்துடும், போன வருசம் வைப்பருக்குத் தண்ணி போற டியூபக் கடிச்சு வச்சிருந்துச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஒரு பல்லுத்தடம் கூட இல்ல.

15ந்தேதி கடைமுகம், ஐப்பசி கடைசி நாள் காவேரி முழுக்கு. அம்மாவ மயிலாடுதுறை துலாக்கட்டத்துல முழுக்குப் போட கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்துத் தொலச்சிருக்கேன்.

நவம்பர் 10, ஞாயிறு

சித்தப்பா டிராக்டரக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்துனாரு. அந்த பேட்டரி கரண்ட இதுக்குக் குடுக்குற ஜம்பர் கேபிள்ல சேப்புக்கு சேப்பு, கறுப்புக்கு கறுப்பு மாட்டி சாவியத் திருப்புனா அதே டக். கறுப்பு கிளிப்பு வேற டெர்மினல்ல நிக்காம வழுக்கி வழுக்கி விழுந்துச்சு. சித்தப்பாவுக்குக் கோவம் வந்து, "எங்கயாச்சும் இரும்புல மாட்டித் தொலைடா"ன்னு அவரே புடுங்கி இஞ்சின்ல இருந்த ஒரு கொக்கியில கவ்வ விட்டாரு. அடுத்த திருப்புல கார் ஸ்டார்ட்டு!

"பாத்தியா, பேட்டரி செத்துப்போச்சு, நாளைக்கே மாத்திடு"ன்னாரு. பேட்டரிக் கடையில கேட்டா அவங்களும் அதத்தான் சொல்றாங்க, நாலாயிரத்துச் சொச்சம் ஆகும்னு. சாயங்காலம் ஆஃப் பண்ணிட்டு மறுபடி போட்டுப் பாத்தேன். டக்.

நவம்பர் 11, திங்கள்

வேலைக்குப் போயிட்டேன், காரத் தொடல. ஆனா பஸ்ஸுல வர்றப்ப இதே நெனப்புதான். பேட்டரிதான் செத்துருந்தா, டிராக்டர் பேட்டரிய மொதல்ல மாட்டுனப்பவே ஸ்டார்ட் ஆகியிருக்கணும்ல? அது அதே டிராக்டர், அதே கேபிள், மாறுனது கறுப்பு கிளிப்பு கவ்வுன எடம் மட்டும்தானே.

நவம்பர் 12, செவ்வாய்

மோட்டார் ரிப்பேர் பாக்குற பக்கத்துவீட்டு அண்ணன்கிட்ட மல்டிமீட்டர் வாங்கிட்டு வந்தேன். பேட்டரிய சும்மா வச்சுப் பாத்தா 12.4 வோல்ட். 12.6 இருந்தா ஃபுல் சார்ஜ், அதனால இது ஒண்ணும் மோசமில்ல. ஆனா செத்த பேட்டரி கூட சும்மா இருக்கறப்ப நல்ல பிள்ளையா வோல்ட் காட்டும், லோடு குடுத்தாதான் சாயம் வெளுக்கும். அம்மாவ சீட்ல உக்கார வச்சு சாவியத் திருப்பச் சொன்னேன். பேட்டரி வீக்கா இருந்தா அந்த நேரத்துல 9, 8னு தொபுக்கடீர்னு விழணும். இது 12.1லயே நிக்குது. அப்படின்னா பேட்டரி குடுக்கத் தயாராதான் இருக்கு, வாங்கிக்கறதுக்குத்தான் வழி அடைச்சுக் கெடக்கு. வாய்க்கா தலப்புல தண்ணி நெறஞ்சு நிக்குது, கடமடைக்கு வரலன்னா நடுவுல எங்கயோ மடை அடைச்சிருக்குன்னுதானே அர்த்தம்.

அடுத்து மீட்டரோட ஒரு முள்ள இஞ்சின் இரும்புல, இன்னொண்ண பேட்டரி மைனஸ்ல வச்சு, "அம்மா திருப்பு"ன்னேன். ரெண்டும் எர்த்துதான், அதாவது கரண்டு பேட்டரிக்குத் திரும்புற வழி, அரை வோல்ட்டுக்கு மேல காட்டவே கூடாது. 8.3 காட்டுச்சு! 12ல 8 வழியிலயே போயிட்டா செல்ஃப் மோட்டாருக்கு மிஞ்சறது 4 கூட இல்ல, அப்புறம் எங்கேருந்து சுத்தும், செல்ஃபுக்குக் கரண்ட இணைச்சு விடுற சொலினாய்டு மட்டும் டக்குனு அடிச்சுட்டு ஓஞ்சு போகுது.

இன்னொரு கூத்து, ஆக்ஸிலேட்டர் கேபிள் மேல கை பட்டுச்சு, சுட்டுச்சு. எர்த்து வயர் வழியா திரும்ப முடியாத கரண்டு அந்த ஒல்லிக் கம்பி வழியா போகப் பாத்திருக்கு. இன்னும் பத்து தடவ சாவியத் திருப்பியிருந்தா அது பொகஞ்சிருக்கும்.

சந்தேகமே வேணாம்னு ஜம்பர் கேபிள்ல ஒண்ண எடுத்து என் பேட்டரி மைனஸ்லேருந்து நேரா இஞ்சினுக்குப் போட்டேன். டிராக்டர் இல்ல, ஒண்ணும் இல்ல, பொசுக்குனு ஸ்டார்ட் ஆச்சு. அம்மா, "இவ்வளவுதானா"ன்னு எறங்கி சோறு வடிக்கப் போயிட்டாங்க.

நவம்பர் 13, புதன்

கியர் பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவுல பின்னல் போட்ட எர்த்து பட்டை ஒண்ணு இருக்கு. மேலேருந்து பாத்தா சேறு அப்பி முழுசா இருக்குற மாதிரிதான் தெரியுது. ஸ்பேனர் வச்சு போல்ட்டத் திருகுனதும் பட்டை கையோட வந்துடுச்சு. உள்ள பச்சப் பச்சயா பூத்து, தொட்டா மாவா உதிருது, ஒட்டிக்கிட்டு இருந்தது நாலஞ்சு இழைதான். லைட்டு, ஹாரனுக்கெல்லாம் பாடி எர்த்தே போதும், அதனால அதுங்க ஜோரா வேலை செஞ்சிருக்கு. செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல வேணுமே, நாலு இழை எப்படித் தாங்கும்.

கும்பகோணத்துல ஒரு ஆட்டோ எலக்ட்ரிகல் கடையில தடி வயர்ல ரெண்டு பக்கமும் போல்ட்டு மாட்டுற லக்கு அடிச்சு வாங்கிட்டு வந்தேன், 220 ரூபாய். பேட்டரி மைனஸ மொதல்ல கழட்டிட்டு, போல்ட்டு உக்கார்ற எடத்த இரும்பு மின்னுற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, இறுக்கி, மேல வாசலின் தடவி, மைனஸக் கடைசியா மாட்டுனேன். இப்ப செல்ஃப் அடிக்கறப்ப அதே எடத்துல 0.2தான். பேட்டரி 10.6 வரைக்கும் எறங்கி ஏறுது, அது நியாயம். ஓடறப்ப சார்ஜ் 14.1.

நவம்பர் 14, வியாழன்

மழை. ரெண்டு தடவ சும்மாவே ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். பெட்ரோல் தண்டம், மனசு கேக்கல.

நவம்பர் 15, வெள்ளி

காலைல 4 மணிக்கு ஒரே திருப்புல ஸ்டார்ட்டு. அம்மா மாத்துப் புடவை, மஞ்சளோட பின்னாடி ஏறிட்டாங்க, சித்தப்பா யாரும் கூப்பிடாமயே முன் சீட்ல உக்காந்துட்டாரு. துலாக்கட்டத்துல கூட்டம் தாங்கல, வண்டிய ரொம்பத் தள்ளி விட்டுட்டு நடந்தோம். பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு, எர்த்துதான் போயிருந்துச்சுன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள சித்தப்பா, "அதான் அன்னிக்கே நான் இஞ்சின்ல மாட்டச் சொன்னேனே, நீ எங்க கேட்ட"ங்கறாரு.