ஊசி பாக்கெட்டை உங்கள் கண்முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்

கும்பகோணத்தில் டாட்டூ போடுவது என் தொழில். வருகிறவர்கள் டிசைன், விலை, வலி எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள், ஊசியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. உடம்புக்குள் போவது அதுதானே!

பாக்கெட்டின் மேல் 1207 ஆர்எல் என்ற மாதிரி அச்சடித்திருக்கும். முதல் 12 ஒவ்வொரு ஊசியின் தடிமன், அதாவது 0.35 மில்லிமீட்டர், 10 என்றால் 0.30. அடுத்த 07, கொத்தில் எத்தனை ஊசி என்பது. ஆர்எல் என்பது ரவுண்ட் லைனர், முனைகள் நெருக்கமாக இருக்கும், கோடு போட, பெயர் எழுத. ஆர்எஸ், அதாவது ரவுண்ட் ஷேடர், கொஞ்சம் விரிந்தது. பெரிய கோயில் விமானத்தை முதுகு நிறைய வரைந்து நிழல் கொடுக்க வேண்டுமென்றால் இரண்டு வரிசையாக ஊசி வைத்த மேக்னம்தான் சரி. அதை விட்டு லைனரையே திரும்பத் திரும்ப ஓட்டினால் தோல் கிழிந்து புண்ணாகிவிடும்.

அப்புறம் சுத்தம். நல்ல ஊசிகள் எத்திலீன் ஆக்சைடு வாயுவில் ஸ்டெரிலைஸ் ஆகி, சீல் வைத்து வரும். பாக்கெட்டில் காலாவதித் தேதி, லாட் எண், நிறம் மாறும் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி மாறியிருந்தால் வாயு பட்டிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். அதற்குப் பிறகு பாக்கெட் நனைந்தாலோ ஓட்டை விழுந்தாலோ அந்தப் புள்ளி சொல்லாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரெல்லாம் ஓதம் ஏறும் ஊர் நம்முடையது, அதனால் பாக்கெட்டுகளை மூடி போட்ட டப்பாவில், சுவரை ஒட்டாமல் வைக்கிறேன். காகிதப் பக்கம் நமத்துப் போயிருந்தால் தேதி பாக்கியிருந்தாலும் குப்பைதான்.

திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியைக் கிருமிநாசினித் துணியில் துடைத்து அடுத்த கைக்குப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு இருக்கும், அதற்குக் கண்ணுக்குத் தெரிகிற அளவு ரத்தம் வேண்டும் என்பதில்லை. வெந்நீரில் கொதிக்க வைத்தேன் என்பார்கள், கொதிநீருக்குச் சாகாத கிருமி வித்துகள் உண்டு. திரும்பப் பயன்படுத்தும் ஸ்டீல் கிரிப்பை, அதாவது மெஷினின் கைப்பிடியை, தேய்த்துக் கழுவி, உறையில் போட்டு, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் 121 டிகிரி நீராவியில் 30 நிமிடம் வைக்க வேண்டும். ஊசிக்கு அந்த வேலையே கிடையாது, ஒரு ஆளுக்கு ஒன்று, முடிந்ததும் துளைக்க முடியாத டப்பாவுக்குள். வெறுங்கையோடு குப்பை அள்ளுகிறவர் விரலில் அது ஏறக்கூடாது.

இங்க் ஊற்றும் சின்னக் கிண்ணமும் அப்படித்தான். ஊசி புதிதாக இருந்து, கிண்ணத்தில் முந்தைய ஆளின் மிச்ச இங்க் இருந்தால் என்ன பிரயோஜனம்?

உட்கார்ந்ததும் பாக்கெட்டை வாங்கித் தேதியைப் படியுங்கள், உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் ஸ்டென்சில், அதாவது டிசைனின் அச்சு, ஒட்டிவிட்டார்களே என்று தயங்க வேண்டாம், அது சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.