எம்ஜே88-லேர்ந்து 200 மில்லிவாட்

மார்ச் 2, 2025, ஞாயிறு

நான் திருநெல்வேலியில இருக்கிற ஹாம், அதாவது பொழுதுபோக்கா ரேடியோ ஸ்டேஷன் வச்சிருக்கிறவன். தலைப்புல இருக்கிற எம்ஜே88 எங்க ஊரோட கிரிட், உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சதுல நம்ம கட்டத்தோட பேர். 20 மீட்டர் பேண்டுக்கான (14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) டைபோல், அதாவது நடுவுல கேபிள் சேர்ற கம்பி ஆன்டெனா, ஒரு வழியா மேல ஏறிடுச்சு. மொட்டைமாடி தண்ணி டேங்க் பக்கத்துல ஜிஐ பைப் நட்டு இன்வெர்டட்-வி, அதாவது கவுத்து வச்ச வி மாதிரி ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கேன், ஒரு பக்கத்துக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. கம்பியை நீளமாவே விட்டு ஆன்டெனாவை அளக்கிற நானோவிஎன்ஏ கருவியைப் பாத்துப் பாத்து நுனியில கொஞ்சங்கொஞ்சமா மடக்கினேன், 14.1 மெகாஹெர்ட்ஸ்ல எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துதுங்கிற அளவு, 1 வந்தா முழுப் பொருத்தம்) 1.3-க்கு வந்து நின்னுச்சு. தென்னை மரத்துல கட்டலாமேன்னு நிறைய பேர் சொன்னாங்க, ஆனா ஆடி மாசக் காத்துல எங்க ஊர்ல தென்னை ஆடுற ஆட்டத்துக்கு எந்தக் கம்பியும் தாங்காது.

இந்த ஸ்டேஷன் பெரிய பவர்ல கத்துறதுக்கு இல்ல. விஸ்பர்னு (WSPR) ஒரு மோட், மெல்லிய சிக்னலைக் கம்ப்யூட்டர் வச்சு அனுப்பிப் பிடிக்கிற முறை, நோபல் பரிசு வாங்கின வானியற்பியலாளர் ஜோ டெய்லர் 2008-ல வெளியிட்டது. அவர் பல்சார் (துடிப்பு துடிப்பா ரேடியோ அலை அனுப்புற நட்சத்திரம்) ஆராய்ச்சிக்காரர், இரைச்சலுக்குள்ள சிக்னல் தேடுறதே அவரோட தொழில். கால்சைன் (ஸ்டேஷனோட பேர்), கிரிட், பவர், இந்த மூணு மட்டும் 50 பிட்டுல போகும், அதை 162 துண்டா ஆக்கி ஏறக்குறைய 111 செகண்ட் நிதானமா அனுப்பும்.

மார்ச் 8, சனி

ரிசீவ் மட்டும் போட்டு வச்சுட்டுக் காதுல ஹெட்ஃபோனோட உக்காந்திருந்தேன், சிக்னல் பலத்தைக் காட்டுற எஸ்-மீட்டர் எஸ்7-ல அப்படியே நிக்குது, சிக்னலே இல்லாத இடத்துலயும் எஸ்7. இதுக்குள்ள எங்க போய் மெல்லிய சிக்னலைத் தேடுறது? சாயங்காலம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டு மெயின் ஸ்விட்சை இறக்கினேன், ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில ஓட்டினேன். எஸ்4. அப்ப கொஞ்சம் நம்ம வீட்டுலயே இருக்கு, மிச்சம் வெளியில.

மார்ச் 9, ஞாயிறு

இன்னிக்கு பூரா ஒவ்வொரு ஃப்யூஸா போட்டு எடுத்துப் பாத்தாச்சு. முதல் குற்றவாளி சமையல்கட்டு எல்ஈடி ட்யூப், அதோட டிரைவர் சர்க்யூட் 14 மெகாஹெர்ட்ஸ் பூரா புர்ர்ருன்னு இரைச்சலைக் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது இன்வெர்ட்டர், கரண்ட் வந்து சார்ஜ் ஏறுறப்ப மட்டும் வரும். ட்யூபை மாத்தியாச்சு, இன்வெர்ட்டர் வயர் ரெண்டுலயும் இரைச்சலைத் தடுக்கிற ஃபெரைட் வளையம் போட்டுச் சுத்தியாச்சு. அப்புறம் ஆன்டெனாவுல கேபிள் சேர்ற ஃபீட்பாயிண்ட்ல கோஆக்ஸ் கேபிளையே ஒரு 31 மிக்ஸ் டொராய்டுல (அதுவும் ஃபெரைட் வளையம்தான்) பத்துப் பன்னெண்டு சுத்து சுத்தி சோக்கு வச்சேன், ஏன்னா வீட்டுக்குள்ள இருக்கிற நாய்ஸ் கேபிளோட வெளிப்பின்னல் வழியா நடந்து போய் ஆன்டெனாவுல ஏறிடுது. நிறைய பேர் இதைச் செய்றதே இல்ல, எனக்கு இதுதான் ஸ்டேஷன்லயே முக்கியமான பொருள்னு தோணுது.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி கிட்ட கையில சின்ன ரேடியோவோட போய் அவர் வாசல் லைட்டுக்குக் கீழ நின்னு காமிச்சேன். "எலேய், இந்தா பல்பைக் கழட்டிட்டுப் போ, வேற மாட்டிக் குடு"ன்னுட்டார். நல்ல மனுஷன்.

இப்ப எஸ்3. நாலு எஸ் யூனிட் குறைஞ்சிருக்கு, ஒரு யூனிட்டுக்கு 6 டெசிபல்னா 24 டெசிபல். எதிர்ல இருக்கிற அத்தனை பேரும் 250 மடங்கு பவர் கூட்டினா என்ன ஆகுமோ அது நமக்கு ஒரு ட்யூப்லைட்டுலயும் கொஞ்சம் ஃபெரைட்டுலயும் கிடைச்சிருச்சு.

மார்ச் 15, சனி

காலையில டிரான்ஸ்மிட் ஆரம்பிச்சாச்சு. 200 மில்லிவாட், அதாவது 23 டிபிஎம் (1 மில்லிவாட்டோட ஒப்பிட்ட டெசிபல் கணக்கு), ரேடியோ டயல்ல 14.0956 மெகாஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் கடிகாரத்தை இன்டர்நெட் டைமோட ஒட்டி வச்சுக்கிட்டேன், இரட்டைப்படை நிமிஷத்துல ஆரம்பிக்கணும், ரெண்டு மூணு செகண்ட் தள்ளிப் போனாலும் டிகோட் ஆகாது, எதிர்ல இருக்கிற கம்ப்யூட்டரால படிக்க முடியாது. மத்தியானத்துக்குள்ள ஆஸ்திரேலியா, ஜப்பான், ராத்திரி ஜெர்மனி, ரீயூனியன் தீவுன்னு அங்கங்க நம்ம சிக்னலைப் பிடிச்சிட்டாங்க.

பிடிச்சவங்ககிட்டேருந்து மைனஸ் 26 டெசிபல்னு ரிப்போர்ட் வருது, இதைப் பாத்து புதுசா வர்றவங்க பயந்துடுறாங்க. அது 2500 ஹெர்ட்ஸ் அகலத்துல இருக்கிற மொத்த நாய்ஸோட ஒப்பிட்ட கணக்கு. சிக்னல் இருக்கிறதோ 6 ஹெர்ட்ஸுக்குள்ள, அந்த 6 ஹெர்ட்ஸை மட்டும் எடுத்துப் பாத்தா சிக்னலும் நாய்ஸும் ஏறக்குறைய சமம். அகலத்தைக் குறைச்சு நேரத்தை நீட்டினா கிடைக்கிற லாபம் இது.

மார்ச் 22, சனி

தினமும் ஒரே கதை. சூரியன் ஆறரைக்கு விழுது, ஏழு மணி வரைக்கும் டிகோட் மேல டிகோட், ஏழரை தாண்டினா சட்டுனு நின்னுடுது. ஆனா வாட்டர்ஃபால்ல (சிக்னலைக் கோடாக் காட்டுற கம்ப்யூட்டர் படம்) சிக்னல் இருக்கு! கோடு நல்லா வெளிச்சமா இருக்கு, ஆனா மெல்லிசா இல்லாம ஈரத்தாள்ல இங்க் கசிஞ்ச மாதிரி ரெண்டு பக்கமும் பரவிக் கிடக்கு. 14.074-க்குப் போனா எஃப்டி8, அதுவும் ஒரு கம்ப்யூட்டர் மோட்தான், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு.

மார்ச் 23, ஞாயிறு

காரணம் நம்ம தலைக்கு மேலயே இருக்கு. திருநெல்வேலி பூமியோட காந்த நடுக்கோட்டுக்கு ரொம்பப் பக்கம், கிருஷ்ணாபுரத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தோட ஆய்வுக்கூடம் இருக்கிறதும் அதனாலதான், 1963-ல முதல் ராக்கெட் விட்ட கேரளாவோட தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனாலதான். சூரியன் மறைஞ்சதும் இங்க எஃப் அடுக்கு (வானத்துல உயரத்துல ரேடியோ அலையைத் திருப்பி அனுப்புற மின்னேற்ற அடுக்கு) விறுவிறுன்னு மேல ஏறும், அடியில அடர்த்தி சீக்கிரம் குறைஞ்சுடும், அடர்த்தி கம்மியான குமிழிங்க கீழருந்து கிளம்பி மேல போகும். ஸ்ப்ரெட்-எஃப்னு சொல்றது இதைத்தான். அந்த அலைபாயுற அடுக்குல பட்டு வர்ற சிக்னல் பல ஹெர்ட்ஸ் அகலத்துக்குச் சிதறிடும். விஸ்பர்ல ஒரு டோனுக்கும் அடுத்த டோனுக்கும் நடுவுல 1.46 ஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது, அப்புறம் எவ்வளவு பவர் போட்டாலும் டிகோட் ஆகாது. எஃப்டி8-ல இடைவெளி 6.25 ஹெர்ட்ஸ், அது தாங்குது. யூரோப்பியன் ஹாம்ங்க எழுதுற கைடுல இதெல்லாம் பெருசா இருக்காது, அவங்க வானத்துல இந்தத் தொந்தரவு அபூர்வம். நம்ம ஊருக்கு நாமதான் எழுதி வச்சுக்கணும்.

ஏப்ரல் 5, சனி

அன்டார்ட்டிகா! நியூமையர் ஜெர்மன் ஆய்வு நிலையத்துல இருக்கிற ரிசீவர், டிபி0ஜிவிஎன், விடிகாலையில நம்ம 200 மில்லிவாட்டைப் பிடிச்சிருக்கு, மைனஸ் 27. 10,000 கிலோமீட்டருக்கு மேல. கத்தியே வீட்டுல எல்லாரையும் எழுப்பிட்டேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இனிமே இப்படி: ராத்திரி ஏழரையிலிருந்து நடுராத்திரி வரைக்கும் எஃப்டி8, மத்த நேரம் எல்லாம் விஸ்பர், ரெண்டையும் லாக்ல தனித்தனியா எழுதிக்கிட்டு வரணும். சூரியனோட செயல்பாடு உச்சத்துல இருக்கிற வருஷங்கள்ல இந்த ஸ்ப்ரெட்-எஃப் மார்ச், செப்டம்பர் பக்கம்தான் அதிகமா வரும்பாங்க, ஜூன்ல அதே ஏழரை மணிக்கு விஸ்பர் ஓட்டிப் பாத்து ரெண்டு லாக்கையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும். மதுரை, தூத்துக்குடி பக்கம் யாராவது இதே நேரத்துல 20 மீட்டர் ரிசீவ் பண்ணிக்கிட்டு இருந்தா உங்க வாட்டர்ஃபால் படத்தை அனுப்புங்க. செவன்ட்டி த்ரீ (ஹாம் பாஷையில வாழ்த்துகள்).