ஓரியூரில் ஆண்டவரிடம் மனம்விட்டுப் பேசினேன்

தம்பி டெங்கு காய்ச்சலில் ஐசியூவில் கிடந்தபோது அம்மா செய்த நேர்ச்சை இது. பிழைத்து எழுந்தால் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர் திருத்தலத்துக்குக் கூட்டிவந்து மொட்டை போடுகிறேன் என்று அங்கே மறைசாட்சியாக உயிர்விட்ட புனித அருளானந்தரிடம் (ஜான் டி பிரிட்டோ) சொல்லியிருந்தார். தம்பி பிழைத்தான். நேர்ச்சையைச் செலுத்தத்தான் அம்மா இல்லை, மாரடைப்பில் போய்விட்டார். அதனால் நாங்கள் இருவருமே கிளம்பினோம்.

புதன்கிழமை பார்த்துத்தான் போனோம். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதன் அன்றுதானே புனிதரை அங்கே வெட்டினார்கள். திருவாடானை தாண்டியதிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டேதான் பயணம், நல்ல வெயில் வேறு. இறங்கியதும் மெழுகுவர்த்தியையும் மாலையையும் கையில் திணித்துவிட்டு வாய்க்கு வந்த விலை கேட்கிறார்கள், வேண்டாமென்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். நேர்ச்சைக்கு வருகிறவர்களிடம் இப்படிப் பறிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ!

சரி, மொட்டை போட்டாயிற்று. தம்பி மெழுகுவர்த்தி ஏற்றப் போனான், நான் செம்மண்ணில் முழந்தாளிட்டேன். ஒரு பிடி அள்ளினேன். ஈரமே இல்லாத பொடிமண், பிடிக்கப் பிடிக்க விரலிடுக்கில் வழிந்தது. அருள்நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தேன், பாதிக்கு மேல் வரவில்லை.

அம்மா ஆண்டவரிடம் பேசினால் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது மாதிரி இருக்கும். ஜெபமாலை முடிந்ததும், "இங்க பாருங்க ஆண்டவரே, சின்னவனுக்கு இன்னும் வேலை கிடைக்கல, என்னதான் நினைச்சுக்கிட்டிருக்கீங்க" என்று உரிமையோடு சண்டை பிடிப்பார். அது ஞாபகம் வந்ததும் நானும் கேட்டுவிட்டேன். "பிள்ளையைக் குடுத்துட்டு அம்மாவை எடுத்துக்கிட்டீங்களே, எனக்கு உங்க மேல கோபம் ஆண்டவரே, இதை வச்சுக்கிட்டு உங்ககிட்ட நல்லபடியா பேச முடியல." பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று திருப்பாடலிலேயே கேட்டிருக்கிறதே, அந்தக் கேள்விக்கும் ஆண்டவர் காதுகொடுத்துக்கொண்டுதானே இருந்தார்.

பதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது, அழுதுகொண்டே இருந்தேன். வெட்டப்படுவதற்கு முந்தின நாள் சிறையிலிருந்து சாவை மகிழ்ச்சியோடு எதிர்பார்த்துக் கடிதம் எழுதினாரே அருளானந்தர், அவ்வளவு நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை. அதையும் ஆண்டவரிடமே சொன்னேன். அருளானந்தரையே சின்ன வயதில் நோயிலிருந்து காப்பாற்றியது அவருடைய அம்மா புனித சவேரியாருக்குச் செய்த நேர்ச்சைதான் என்பார்கள். ஒரு தாயின் வேண்டுதல் எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாதா!

அப்புறம் திருப்பலியில் உட்கார்ந்தோம். பிரசங்கம் என்ன என்று கேட்காதீர்கள். தம்பியின் தலையில் பூசிய சந்தனத்தைப் பார்த்துக்கொண்டே நன்றி, நன்றி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆண்டவரே, தம்பிக்காக நன்றி. இப்படி ஒரு அம்மாவைக் கொடுத்ததற்கு நன்றி. நான் கோபப்பட்டுப் பேசியதையும் பொறுமையாகக் கேட்டீர்களே, அதற்கும் நன்றி. அம்மாவைப் பற்றிக் கேட்டது அப்படியேதான் இருக்கிறது, அடுத்த புதன் வீட்டு ஜெபத்திலும் கேட்பேன்.