தேங்காயெண்ணெய் உறையும் ஊரில் சவர்க்காரம் செய்வது

கொழும்பில் ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் வருசம் முழுக்கத் தண்ணீர் மாதிரி ஆடும். அதே போத்தலை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால் மறுநாள் காலையில் வெள்ளைக் கட்டி. கரண்டிக் காம்பை விட்டுக் கிண்டித்தான் எடுக்க வேண்டும். தேங்காயெண்ணெய் உறைவது 24 பாகை செல்சியசுக்குக் கிட்ட. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில், வருசச் சராசரியே 16 பாகையை ஒட்டியிருக்கிற ஊரில் அது உருகி நிற்க நியாயமில்லை. வீடியோ பார்த்து வீட்டில் சவர்க்காரம் செய்யப் போகிறவர்களுக்கு மலையகத்தில் வருகிற கோளாறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. அவர்கள் எடுத்த அளவு சரியாகத்தான் இருக்கும். அளவைச் சொன்னவருடைய அறைச் சூடு நம்ம காம்பராவில் இருக்காது, அவ்வளவுதான். அதனால் எண்ணெய்க் கணக்கைக் கிண்டாமல் சூட்டையும் ஈரத்தையும் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் இந்தப் பதிவு. கடைசியில் மெழுகுதிரிக்கும் கொஞ்சம்.

முதலில் கணக்கு. தேங்காயெண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, ஆமணக்கெண்ணெய் 50. கோஸ்டிக் சோடா 75 கிராம், தண்ணீர் 150 கிராம். இந்த 75 வானத்திலிருந்து விழுந்ததல்ல. ஒரு கிராம் எண்ணெயைச் சவர்க்காரமாக்க எவ்வளவு சோடா வேண்டும் என்று ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. தேங்காயெண்ணெய்க்கு 0.183, நல்லெண்ணெய்க்கு 0.134, ஆமணக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 81.4. அதில் 8 சதவீதத்தைக் கழித்தால் 75. கழித்த அளவுக்கு எண்ணெய் சவர்க்காரமாகாமல் மிஞ்சும். குளிரில் வெடிக்கிற தோலுக்கு அது வேண்டும். தேங்காயெண்ணெய் மட்டும் கையில் இருந்தால் 500 கிராமுக்கு 91.5 வரும், ஆனால் வெறும் தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் தோலை உரித்த மாதிரி வறட்டும் என்பதால் 20 சதவீதம் கழித்து 73 கிராம் போடலாம். நல்லெண்ணெயைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போமே என்று கை வைத்தால் சோடாவையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். நல்லெண்ணெய் அதிகமானால் சவர்க்காரம் சில மாதத்தில் செம்மஞ்சள் புள்ளி விட்டுச் சிக்கு வாடை அடிக்கும். 30 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

எல்லாமே நிறை, தண்ணீர் உட்பட. கோப்பைக் கணக்கு, கரண்டிக் கணக்கு இதில் செல்லாது. கடையில் வாங்குகிற 750 மில்லிலீட்டர் போத்தல் தேங்காயெண்ணெய் 690 கிராம்தான் நிற்கும். அதை 750 என்று எழுதிக்கொண்டு சோடா போட்டால் சவர்க்காரம் தோலை அரிக்கும். ஒரு கிராம் வரை காட்டுகிற டிஜிட்டல் தராசு வாங்காமல் இந்த வேலையைத் தொட வேண்டாம்.

சோடா ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். கான் அடைப்பு எடுக்கிற தூளை வாங்கிவிடாதீர்கள். அதில் உலோகத் துண்டுகளும் வேறு சாமான்களும் கலந்திருக்கலாம். தூய்மை 98 அல்லது 99 சதவீதம் என்று போட்டிருக்கிற வெறும் கோஸ்டிக் சோடா வேண்டும். இங்கே ஒரு மலையகத்துச் சிக்கல்: சோடா காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மூடுபனி இறங்குகிற நேரத்தில் பையைத் திறந்து வைத்தால் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மேலே பளபளவென்று வேர்க்கும். அதை எடுத்து 75 கிராம் நிறுத்தால் அந்த 75க்குள் தண்ணீரும் உட்கார்ந்திருக்கும். விளைவு, எத்தனை வாரம் காய்ந்தாலும் கையில் எண்ணெய் ஒட்டுகிற தொளதொளச் சவர்க்காரம். வாங்கிய அன்றே இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றி, பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அலுமினியச் சட்டி கூடவே கூடாது. சோடா அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றுகிற ஹைட்ரஜன் வாயுவை விடும். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக்கும் நல்லது. தண்ணீரை முதலில் ஊற்றி, அதற்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிண்டணும். மாறிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீர் தானாகவே 80 பாகைக்கு மேல் சூடேறி, மூக்கை அரிக்கிற ஆவி கிளம்பும். குளிர் என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு குசினிக்குள் இதைச் செய்யாதீர்கள். இஸ்தோப்பு, அதாவது வாசல் திண்ணை, இருந்தால் அங்கே செய்வது உத்தமம். ரப்பர் கையுறை, முழுக்கை உடுப்பு, பக்கமெல்லாம் மூடுகிற கண்ணாடி கட்டாயம். வீட்டுக்குள் குழாய் இல்லாமல் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடிக்கிறவர்கள், பையைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே பெரிய வாளி இரண்டில் தண்ணீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளணும். கையில் பட்டால் தண்ணீர்தான் மருந்து. விடாமல் 15 நிமிசம் ஊற்றுங்கள். வினாகிரி ஊற்றச் சொல்லுகிற பேச்சைக் கேட்காதீர்கள், அது புண்ணை இன்னும் சுடும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு.

இனி சூடு. எண்ணெய்களை ஒன்றாக உருக்கி 45 பாகைக்கு இறக்குங்கள். சோடாத் தண்ணீரும் 40க்கும் 45க்கும் நடுவில் வரணும். இந்த ஊர்க் குளிரில் நீங்கள் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் அது 30க்குப் போய்விடும். போனால் பாத்திரத்தைச் சுடுதண்ணிக்குள் இறக்கி வையுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? ஆறிப்போன எண்ணெயில் ஆறிப்போன சோடாத் தண்ணீரை விட்டு பிளெண்டரை ஓட்டினால் இரண்டு நிமிசத்தில் கலவை கெட்டியாகும். பதம் வந்துவிட்டது என்று அச்சில் ஊற்றிவிடுவார்கள். அது பொய்ப் பதம். தேங்காயெண்ணெய் உறைந்ததால் வந்த கெட்டி அது, சவர்க்காரம் உருவானதால் வந்ததல்ல. மறுநாள் அச்சைத் திறந்தால் அடியில் சோடாத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தேங்கி நிற்கும், மேலே எண்ணெய் தனியாக. கண்டுபிடிக்க ஒரு வழி: கெட்டியான கலவை மணல் மணலாக, வெளிறிய ஒளிபோன தோற்றத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். பாத்திரத்தைச் சுடுதண்ணிக்குள் வைத்து 40 பாகைக்கு ஏற்றுங்கள். பொய்ப் பதமானால் மறுபடி தண்ணீராக இளகும். அப்புறம் திரும்ப அடிக்கலாம், ஒன்றும் நட்டமில்லை. உண்மையான பதம் தோசை மா மாதிரி வழவழவென்று இருக்கும். கரண்டியைத் தூக்கி மேலே ஒரு கோடு இழுத்தால் கோடு உடனே அமுங்காமல் நிற்கும். பிளெண்டரை விடாமல் ஓட்டாமல் பத்து விநாடி அடித்து, பத்து விநாடி கையால் கிண்டணும். அகப்பையாலேயே கிண்டுகிறவர்களுக்கு ஒரு மணித்தியாலம் வரை பிடிக்கும்.

அச்சுக்கு ஒரு லீட்டர் ஐஸ்கிரீம் டப்பா போதும். மொத்தக் கலவை 725 கிராம், ஏழு கட்டி வரும். ஊற்றியதும் அடுத்த சோதனை. கலவை உள்ளே சூடேறிக் கண்ணாடிபோலத் தெளிந்து, பிறகு ஆறினால் சவர்க்காரம் இறுகி, நிறம் ஒரே சீராக வரும். குளிரில் நடு மட்டும் தெளிந்து, ஓரம் தெளியாமல் நிற்கும். வெட்டிப் பார்த்தால் நடுவில் முட்டைக் கரு மாதிரி ஒரு கருவட்டம். மேலே வெள்ளைப் பொடியும் பூக்கும். கலவாத சோடா காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாகிற பொடி அது. இரண்டும் அழகுக் குறைதான், குளிக்கக் குறையில்லை. தவிர்க்கணும் என்றால் மீன்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு ரெஜிஃபோம் பெட்டி தேடிப் பிடியுங்கள். அதற்குள் அச்சை வைத்து, பக்கத்தில் ஒரு போத்தல் சுடுதண்ணி வைத்து மூடி, மேலே கம்பளியைப் போட்டால் ஒரு ராத்திரிக்குப் போதும். கம்பளி மட்டும் நுவரெலியா டிசம்பருக்குக் காணாது.

சூட்டில் வைத்ததைப் பன்னிரண்டு மணித்தியாலத்திலேயே அழுத்திப் பாருங்கள். வெண்ணெய்க்கட்டி மாதிரி இருக்கும்போதே வெட்டணும். தேங்காயெண்ணெய் மட்டும் போட்டதை ஏழெட்டு மணித்தியாலத்தில் வெட்டாவிட்டால் கத்தி பட்டதும் உதிரும். சூடு வைக்காததற்கு இரண்டு நாள் பொறுக்கணும்.

வாசனையில் நம்ம மலைக்குக் குறைவில்லை. யூகலிப்டஸ் தைலம் 500 கிராம் எண்ணெய்க்கு 12 கிராம். சவர்க்காரத்தில் ஒழுங்காகத் தங்கும், பதத்தையும் கெடுக்காது. எலுமிச்சைப்புல் எண்ணெய் 10 கிராம். கறுவா இலை எண்ணெயும் கராம்பு எண்ணெயும் வேறு சாதி. இரண்டிலும் மேலோங்கி இருப்பது யூஜினோல். அது பட்டதும் கலவை பிளெண்டரோடு சேர்ந்து கல்லாகிவிடும். தோலையும் சுடும். அரைக் கிலோ எண்ணெய்க்கு ஒன்றிலிருந்து இரண்டு கிராம் தாண்டாமல், பதத்துக்கு முன்னாலேயே, பிளெண்டரை நிறுத்திவிட்டு அகப்பையால் கலக்குங்கள். கறுவாப் பட்டை எண்ணெய் சவர்க்காரத்துக்கு வேண்டவே வேண்டாம். வனிலா போட்டால் வெள்ளைச் சவர்க்காரம் ஒரு மாதத்தில் தேத்தண்ணி நிறம்.

தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் எல்லோரும் போட்டுப் பார்க்கிறார்கள். சாயத்தண்ணியை நன்றாக ஆறவைத்துத் தண்ணீருக்குப் பதில் எடுத்தால் அழகான மண்ணிறம் வரும். வாசம் துளியும் மிஞ்சாது, சோடா கொன்றுவிடும். டஸ்ட் தேயிலையைத் தூவினால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மண்ணிற வட்டம் கசிந்து, சவர்க்காரத்துக்கு அம்மை போட்ட மாதிரி ஆகும். டஸ்டைவிடப் பருமனான பிஓபிஎஃப் ரகத் தேயிலையைப் போட்டால் முதுகைச் சுரண்டும். சாயம் மட்டும் போதும் என்பது என் கட்சி.

வெட்டிய கட்டிகளை ஒன்றையொன்று தொடாமல் பலகைத் தட்டில் அடுக்கி நான்கு வாரம் காயவைக்கச் சொல்லுவார்கள். காய்வது என்றால் தண்ணீர் வெளியேறுவது. காற்றே ஈரமாயிருந்தால் எப்படி வெளியேறும்? நாள்காட்டியைப் பார்க்காமல் தராசைப் பாருங்கள். ஒரு கட்டிக்கு அடையாளம் வைத்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் நிறுத்து எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து நிறை குறையாவிட்டால் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் இது எட்டு வாரம் போகும். கட்டியின் மேல் முத்து முத்தாக வேர்த்தால் பயப்பட வேண்டாம். சவர்க்காரத்திலேயே ஊறியிருக்கிற கிளிசரின் ஈரத்தை இழுக்கிறது.

காலம் தெரிந்தெடுக்கத் தேயிலைக்காரர்களிடம் கேட்டால் போதும். டிம்புளை, நுவரெலியாப் பக்கம் நல்ல தேயிலை விழுகிற ஜனவரி முதல் மார்ச் வரை காற்று காய்ந்திருக்கும். ஊவாவில் அது ஜூலை முதல் செப்டம்பர் வரை. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறபோது வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் கச்சான் காற்று வீசும். தேயிலைக்கு நல்ல மாதம் சவர்க்காரத்துக்கும் நல்ல மாதம். உபயோகிக்கிறதுக்கு முன்னால் ஈரவிரலைக் கட்டியில் தேய்த்து நாக்கு நுனியில் தொட்டுப் பாருங்கள். பற்றரியைத் தொட்ட மாதிரிச் சுரீர் என்றால் சோடா மிச்சமிருக்கிறது. இரண்டு வாரம் கழித்தும் சுரீர் என்றால் அந்தத் தொகுதி உடம்புக்கு ஆகாது.

மெழுகுதிரிக்கு இவ்வளவு பயம் வேண்டாம். பரபின் மெழுகு 200 கிராம், ஸ்டியரிக் அமிலம் 20 கிராம், மெழுகுதிரிக்கென்று விற்கிற வாசனை எண்ணெய் 12 கிராம். மெழுகை நேரே அடுப்பில் வைக்காமல் கொதிதண்ணிப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதிக்கும். மெழுகு அதற்கு மேல் போக வழியில்லை. 80 பாகையில் வாசனையை விட்டு இரண்டு நிமிசம் மெதுவாகக் கிண்டி, 75க்கு இறங்கியதும் ஊற்றணும். சவர்க்காரத்தில் நன்றாக நின்ற யூகலிப்டஸ் இங்கே சூட்டிலேயே பறந்துவிடும். கராம்பு இங்கே நல்ல பிள்ளை.

குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் மெழுகு சுவரை விட்டு விலகி, ஓரத்தில் படிக்கட்டு மாதிரி வரி விழும். கனமான ஜாம் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சூடு இருக்கும்போதே ஊற்றுங்கள். திரியைச் சுற்றிக் குழி விழத்தான் செய்யும். அதற்காக 20 கிராம் மெழுகை ஒதுக்கி வைத்து, ஆறியபின் உருக்கி நிரப்பணும். சாமி விளக்குத் திரி இதற்கு ஆகாது. தடித்த முறுக்குத் திரி என்பதால் சுவாலை உயர்ந்து கரி பிடிக்கும். பின்னிய பருத்தித் திரி வாங்கி, உருகிய மெழுகில் தோய்த்து நேராக்கிக்கொள்ளுங்கள். ஏழு சென்ரிமீட்டர் அகலப் போத்தலை முதல் தடவை ஏற்றினால் உருகிய மெழுகு ஓரம் தொடும் வரை, அதாவது மூன்று மணித்தியாலம் கிட்ட, அணைக்கக் கூடாது. அதற்குள் அணைத்தால் பிறகு நடுவில் மட்டும் கிணறு வெட்டிக்கொண்டு இறங்கும். குளிர் அறையில் இது சீக்கிரம் வரும், அதனால் திரி ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும். மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடியைப் போட்டு அணையுங்கள்.

பாத்திரம் கழுவுகிற விசயம். மெழுகுச் சட்டியைச் சூடு இருக்கும்போதே பழைய பேப்பரால் துடைத்தெடுங்கள். கானில் ஊற்றினால் இந்தக் குளிருக்கு இரண்டடி தாண்டாமல் உறைந்து அடைக்கும். சவர்க்காரக் கலவை ஒட்டிய பாத்திரத்தை அன்றைக்கே பீலிக்குக் கொண்டுபோகாதீர்கள், பச்சைச் சோடா அதில் இருக்கும். இரண்டு நாள் மூடி வையுங்கள். ஒட்டியதெல்லாம் சவர்க்காரமாகியிருக்கும், சுடுதண்ணி ஊற்றினால் அதுவே நுரைத்துப் பாத்திரத்தைக் கழுவிவிடும்.