பல் இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்களுக்கு

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் துளை போட்டு ஒரு டைட்டானியம் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல் கட்டுவதுதான் இம்ப்ளான்ட். எல்லோரும் முதலில் கேட்பது “வலிக்குமா?” என்றுதான். மரத்துப்போக ஊசி போட்டுவிடுவதால் வலி தெரியாது. துளை போடும்போது தாடையில் அதிர்வும் அழுத்தமும் இருக்கும், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு சூடேறினால் அந்த இடத்துச் செல்கள் செத்துவிடும், அதனால்தான் அந்தத் தண்ணீர். மரப்பு விட்டதும் வலியும் வீக்கமும் வரும். முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் சிரமம், அப்புறம் வடிந்துவிடும்.

உண்மையான சோதனை காத்திருப்பதுதான். டைட்டானியம் திருகை எலும்பு இறுகப் பிடித்துக்கொள்ளப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். 1950களில் ஸ்வீடன் ஆய்வாளர் பிரோனமார்க், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் போனபோது கவனித்த விஷயம் இது. 1965இல் ஒரு மனிதரின் தாடையில் வைத்தார். எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது: உலோகத்தை உடம்பு தன்னுடையதாக ஏற்றுக்கொள்கிறது!

எலும்பு போதவில்லை என்றால் முதலில் போன் கிராஃப்ட் (குறைந்த இடத்தில் எலும்பு வைத்து வளரவிடுவது) செய்வார்கள், இன்னும் சில மாதம் கூடும். “இன்றே பல் கட்டிவிடலாம்” என்பது சிலருக்கு மட்டுமே பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்று ஸ்கேனைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள்.

சர்க்கரை நோய், புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானத்துக்கு எடுக்கும் மாத்திரை, ஊசி எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், தயவுசெய்து. இம்ப்ளான்ட் சொத்தையாகாது, சரி. ஆனால் சுற்றியுள்ள ஈறு கெட்டால் எலும்பு கரைந்து திருகு ஆடிவிடும். பல் இடுக்கைத் தினமும் சுத்தம் செய்யும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள்.